வயலும் புகைபோக்கியும்

அண்மையில் ஒரு நாள் வைகறையில், திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடையே உள்ள சாத்தாங்காட்டில், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் நின்றுகொண்டிருந்தேன். கிழக்கே கதிரவன் எழுந்தான். மேற்கே மணலியின் புகைபோக்கிகள் இளஞ்சிவப்பாய் ஒளிர்ந்தன. ஓர் ஓவியம் என் நினைவுக்கு வந்தது.

1872ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் லெ ஆவ்ர் துறைமுகத்துச் சூரியோதயத்தை குளோத் மோனே தீட்டினார். 1874இல் பாரிசில் அது காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அதன் தலைப்பிலிருந்த ‘மனப்பதிவு’ என்னும் சொல்லைக் கொண்டே ஒருவர் அவ்வோவியர்களை எள்ளினார். எள்ளற் பெயரே இயக்கத்தின் பெயராய் நிலைத்தது. அவ்வோவியத்தில் சிறு படகுகளுக்குப் பின்னே புகைபோக்கிகளும் மங்கலாய்த் தெரிகின்றன.

இவர்கள் நகரை வெறுத்து நாட்டுப்புறத்திற்கு ஓடியவர்கள் என்று எண்ணுதல் பொருந்தாது. அவர்களை வயல்வெளிக்குக் கொண்டு சென்றதே புகைவண்டிதான். 1841இல் தோன்றிய தகரக்குழாய் வண்ணங்களால் திறந்தவெளியில் தீட்டுதல் எளிதாயிற்று. பொந்துவாசில் வாழ்ந்த பிசாரோ உழவரையும் வயல்களையும் தீட்டினார். 1873இல் அங்கு ஆற்றங்கரையில் நின்ற ஆலையையும் தீட்டினார். வயலுக்கு ஓர் ஒளி, ஆலைக்கு வேறோர் ஒளி என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

நம் சென்னைக்கும் இவ்விரண்டும் வந்தன. 1850இல் இங்கே ஓவியப் பள்ளி தோன்றியது. 1856இல் இராயபுரத்திலிருந்து புகைவண்டி புறப்பட்டது. அப்பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்ற கே. சி. எஸ். பணிக்கர், தம் தொடக்க நாள்களில் தென்னையும் நீர்நிலையும் சூழ்ந்த காட்சிகளை நீர்வண்ணத்தில் தீட்டிப் புகழ்பெற்றார். 1957இல் அப்பள்ளிக்கே முதல்வரும் ஆனார். 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. இன்று சாத்தாங்காடு என்றால் இரும்புச் சந்தையே பலருக்கும் நினைவிற்கு வருகின்றது.

கல்லூரி நாளில் நானும் இக்கால்வாயைத் தீட்டியதுண்டு. நீரைத் தீட்டினேன், பனையைத் தீட்டினேன்; அழகு குன்றும் என்றெண்ணிப் புகைபோக்கிகளை விட்டுவிட்டேன். இன்று அப்படம் அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால், எந்தக் காலத்துக்கும் அது சான்றாகாது.

புகையும் காலை ஒளியில் அழகுடையதே. அதைச் சுவாசிப்போர் வாழ்வை அவ்வழகு மறைத்துவிடுதல் ஆகாது. ஆதலின் நண்பர்களே, உங்கள் ஊரைத் தீட்டுங்கால் எதையும் விட்டுவிடாதீர்கள். மறைந்து செல்லும் வயலும் எழுந்து நிற்கும் ஆலையும், அவற்றிடையே நடந்து செல்லும் மனிதனும் ஒரே படத்தில் இருக்கட்டும். நாளை வரலாறு எழுதுவோர் அதனைத் தேடி வருவர்.