காங்கைக்கு ஒரு கசாயம், கசாயத்துக்கு ஒரு கேஸு

"உடம்பு சூடு டாக்டர்"னு சொன்னா இங்கிலீஷ் வைத்தியர் தெர்மாமீட்டரைத்தான் தேடுவார். ஆனா தெற்குச் சீனாவின் கான்டன்காரர்களிடம் சொல்லிப் பாருங்க, டக்குனு புரிஞ்சுக்குவாங்க. தொண்டை வறண்டு, வாய் புண்ணாகி, உடம்பு காந்துற அந்த நிலைக்கு அவங்க ஊர்ல பேரு 'யிட் ஹெய்'. அதுக்கு மருந்து 'லியுங் சா', அதாவது குளிர்ச்சித் தேநீர். பேருதான் தேநீர், சமாச்சாரம் நம்ம கசாயம். சூடாவும் குடிப்பாங்க :-)

இதுல பெரிய பேரு வோங் லோ காட். வோங் சாட் போங் என்பவர் 1828ல் குவாங்சோ நகரத்துல ஆரம்பிச்ச கடை. இன்னைக்கு அந்தப் பேர்ல வர்ற பானத்துல சாமந்திப்பூ, அதிமதுரம், ஹனிசக்கிள் பூ எல்லாம் உண்டு. கூடவே நம்ம கோயில் வாசல்ல உதிர்ந்து கிடக்குமே, அந்த ஈழத்தலரிப் பூவும். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸுக்கு அப்புறம்தான் ஆசியாவுக்கே வந்தது. பாரம்பரியம்னு சொல்றதுலயும் கப்பலேறி வந்த சரக்கு இருக்கு பாருங்க.

இனிமேதான் மேட்டரே. 1949 புரட்சிக்குப் பிறகு குவாங்சோ கடை அரசாங்கத்துக்குப் போயிடுச்சு. ஹாங்காங் கிளை குடும்பத்துக்கிட்டயே இருந்தது. 1990கள்ல ஒரு ஹாங்காங் கம்பெனி, அரசு நிறுவனத்துக்கிட்ட பேரை வாடகைக்கு எடுத்து சிவப்பு கேன்ல அடைச்சு வித்துச்சு. சூடு பிடிச்சிடும்னு பயமா, இதைக் குடிங்கன்னு விளம்பரம். காரசாரமா சாப்பிடுற சீனா முழுக்க பத்திக்கிச்சு. 2008 சிச்சுவான் நிலநடுக்கத்துக்கு அந்தக் கம்பெனி 10 கோடி யுவான் கொடுத்ததும் புகழ் எங்கேயோ போயிடுச்சு.

அப்புறம் என்ன, சண்டைதான். வாடகை ஒப்பந்தத்தை நீட்டிச்சதுல லஞ்சம் விளையாடியிருந்தது. 2012ல் நடுவர் மன்றம் அந்த நீட்டிப்பு செல்லாதுன்னு சொல்ல, பேர் அரசு நிறுவனத்துக்கே திரும்பிப் போச்சு. 'அப்ப சிவப்பு கேன் யாருக்கு?'ன்னு அடுத்த கேஸ். 2017ல் சீன உச்ச நீதிமன்றம், ரெண்டு பேருமே வச்சுக்கங்கன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு.

இவ்வளவு கூத்துலயும் கசாயம் யாருதுன்னு யாரும் கேக்கல. 2006லேயே சீன அரசு லியுங் சாவை தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்தாச்சு. அது ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமில்ல, தலைமுறை தலைமுறையா வீட்டு அடுப்புல மூலிகையைக் கொதிக்க வச்ச எல்லாரோடதும். கோர்ட்டுல மோதினது பேருக்கும் டப்பாவுக்கும்தான்.

சொல்ல மறந்துட்டேன். அந்த சிவப்பு கேன்ல போட்டிருக்கிற பட்டியலைப் படிச்சா, தண்ணிக்கு அடுத்து வர்றது மூலிகை இல்ல, சர்க்கரை. வறட்சி தீருதோ இல்லியோ, வியாபாரம் இனிச்சிருக்கு!