கித்தா வழுக்கும்போது

நம் தோட்டக் கதைகளில் பெரட்டுக்களம் உண்டு, கங்காணி உண்டு, விடியுமுன் பால்மரக் காட்டுக்குள் போகும் அம்மாக்கள் உண்டு. பால் உறைந்து ஷீட்டாகி லாரி ஏறியதும் கதை முடிந்துவிடும். அந்த ஷீட் டயராகி எங்கே ஓடியது என்று நாம் அதிகம் எழுதவில்லை. ஈப்போவில் கார் பிரேக்குகளோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அந்த மிச்சக் கதைதான் தினமும் கையில் வருகிறது.

1877-இல் ஹியூ லோ கோலாகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1910 வாக்கில் டன்லப் கம்பெனி மலாயாவில் சொந்தமாகவே தோட்டங்களை வாங்கத் தொடங்கியது. மரம், பால், டயர் மூன்றும் ஒரே கையில். ஆனால் எவ்வளவு நல்ல ரப்பரானாலும் சக்கரம் உருளும்போதுதான் சாலையை நன்றாகப் பிடிக்கும். பிரேக் இறுகிச் சக்கரம் நின்றுவிட்டால் வழுக்கும். ஸ்டீயரிங்கை எப்படித் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும்.

விமானத்தில் இது இன்னும் மோசம். தரையிறங்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டால் டயர் ஒரே இடத்தில் தேய்ந்து வெடிக்கும். 1950களின் தொடக்கத்தில் இதற்கு 'மேக்ஸரெட்' என்ற கருவியைக் கொண்டுவந்ததும் அதே டன்லப்தான். கம்ப்யூட்டர் கிடையாது. சக்கரத்தோடு சுழலும் உருளைக்குள் ஒரு சின்ன பாரச்சக்கரம், அவ்வளவுதான். சக்கரம் சட்டென்று வேகம் குறைந்தால் உள்ளே இருப்பது குறையாது. அந்த வித்தியாசமே வால்வைத் திறந்து பிரேக்கைத் தளர்த்திவிடும். (யூனிவர்சிட்டியில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.)

1966-இல் ஜென்சன் எஃப்எஃப் என்ற பிரிட்டிஷ் காரில் மேக்ஸரெட் வந்தது. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே கருவி. எந்தச் சக்கரம் பூட்டியது என்று அதற்குத் தெரியாது. 1978-இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்தபோது வேகத்தை எண்ணும் வேலை சென்சருக்குப் போனது. ஒரு பல்வளையம், அதன் எதிரே காந்தமும் கம்பிச்சுருளும். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் சுருளில் ஒரு மின்துடிப்பு.

பழைய கார்களில் இன்றும் இதுதான். சுங்கை சிப்புட் பக்கமிருந்து வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று: வண்டி நிற்கப்போகிற நேரத்தில் பெடல் கடகடவென்று காலை உதைக்கும். "சென்சர மாத்தியாச்சு தம்பி, அப்பவும் அப்படியேதான் இருக்கு." ஸ்கேனரில் சி0035 என்று வந்தால் இடது முன் சக்கரத்துச் செய்தி சரியில்லை என்றுதான் பொருள். சென்சர்தான் குற்றவாளி என்று அது சொல்லவில்லை.

நான்கு சக்கரத்தின் வேகத்தையும் திரையில் வைத்து, நேர்ச்சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன். மூன்று சக்கரம் 10 கிலோமீட்டர் காட்டும்போது ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழுகிறதா? காந்தச்சுருளின் பிறவிக்குணம் அது: சுழற்சி மெதுவானால் மின்னழுத்தம் மெலியும். துரு தள்ளி இடைவெளி கூடியிருந்தாலோ நுனியில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தாலோ இன்னும் சீக்கிரம் மெலியும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தடுமாறினால் வளையத்தில் விரிசல். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது மட்டும் அறுந்தால் வயர். காரை ஜாக்கியில் தூக்கி, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றினாலே பாதி தெரிந்துவிடும்.

புதிய கார்களில் இந்த வித்தை பலிக்காது. அங்கே சென்சருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். வளையமும் பல கார்களில் பேரிங் சீலுக்குள் காந்தமாக ஒளிந்திருக்கும். பேரிங்கைத் தலைகீழாக அடித்து இறக்கிவிட்டு சென்சரைத் திட்டுகிறவர்கள் உண்டு.

நம் நாட்டு மலிவுக் கார்களில் ஏபிஎஸ் வெகுகாலம் விலை கூடிய மாடல்களுக்கே கிடைத்தது. தோட்டத்திலிருந்து வந்த பல குடும்பங்கள் அது இல்லாமலே ஓட்டினார்கள். இப்போது பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. பிள்ளைகள் செகண்ட் ஹேண்டில் வாங்கும் காரில் ஏபிஎஸ் இருக்கிறது. விளக்கு எரிந்தால் சிலர் பல்பைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள். பிரேக் பிடிக்கும், ஆனால் மழையில் பழையபடி வழுக்கும். நான் கழற்றுவதில்லை. "மொதல்ல நுனியத் தொடச்சுப் பாப்போம்ண்ணே, அதுக்குக் காசு இல்ல" என்பேன்.