எந்த நந்தனை மேடையேற்றுகிறோம்?

தோழர்களே, டெல்டாவில் பழைய நாடகத்தை மீண்டும் மேடையேற்ற நினைத்தால் நந்தன் கதையிலிருந்து தொடங்குங்கள்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய நந்தனாருக்குப் பண்ணை எசமான் கிடையாது. கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர் அவர். சிதம்பரம் போக வேதியரிடம் அனுமதி கேட்டுக் கைகட்டி நிற்கும் பண்ணையாள், 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இயற்றிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில்தான் வருகிறார். பக்திப் பாட்டுக்குள் பண்ணையடிமை முறையும் அப்படிப் பதிவானது.

பிறகு கதாகாலட்சேபம், நாடகம், சினிமா என்று அது திரும்பத் திரும்ப உயிர்பெற்றது. 1935இல் கே.பி.சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தார்கள். பாட்டு மனதில் நின்றது. தீயோ வெறும் அற்புதமாகவே இருந்தது.

1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அங்கே எந்த அற்புதமும் நடக்கவில்லை. கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதி, அதற்குப் பின் எழுதிய ‘நந்தன் கதை’ நாடகத்தில் அந்தப் பழைய தீயைச் சதியாகவே காட்டினார்.

ஒத்திகைக்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: தீயை மூட்டியது யார்? அதற்குப் பதில் சொல்லாத நாடகம் நந்தனை மறுபடியும் எரிக்கிறது.