வடசென்னைக் கடலில் ஜிபிஎஸ்

செயற்கைக்கோள்களின் உதவியால் கடலில் இருக்கும் இடத்தை அறிந்துகொள்ளும் ஜிபிஎஸ் கருவி, தமிழகக் கடற்கரையின் விசைப்படகுகளில் 1990களின் பிற்பகுதியிலும் 2000களிலும் பரவியது. காசிமேடு மீன்பிடித் துறைமுகமும் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் கரையோரக் குப்பங்களும் இம்மாற்றத்தைக் கண்ட இடங்களுள் முதன்மையானவை. சென்னைத் துறைமுகம், காமராசர் துறைமுகம், அனல்மின் நிலையங்கள், மீன்பிடித் தொழில் ஆகியவை ஒரே கடலைப் பகிர்ந்துகொள்ளும் பகுதி இது. தான் எங்கே இருக்கிறோம் என்ற கேள்விக்கு இங்கே விலை அதிகம்.

கரையை வைத்துக் கடலை அளத்தல்

கருவி வருமுன்னும் மீனவர்கள் இடமறியாமல் கடலுக்குப் போகவில்லை. கரையில் தெரியும் இரு பொருள்கள் ஒரே கோட்டில் வருவது ஓர் அடையாளம். வேறு திசையில் இன்னும் இரண்டு பொருள்கள் நேர்கோட்டில் வந்தால், அவ்விரு கோடுகளும் வெட்டும் புள்ளியில் படகு நிற்கிறது. குமரி மாவட்டக் கரையில் இதனைக் கணிச்சம் என்பர். நில அளவையாளரின் முக்கோண முறைக்கு நெருங்கிய உறவான இவ்வறிவு, எழுதப்படாமல் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது.

வடசென்னையில் அடையாளங்களுக்குப் பஞ்சமில்லை. திருவொற்றியூர்க் கோயில் கோபுரம் பழையது. கலங்கரை விளக்கம் 1844இல் உயர்நீதிமன்ற வளாகத்தின் தனித்தூணிலும், 1894இல் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியிலும், 1977இல் மெரினாவிலுமாக இடம் மாறியது. பிறகு வந்தவை மணலி சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடர், 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, 1994இல் வந்த வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். காற்றைக் கெடுத்த அதே தொழிற்சாலைகள்தாம் இரவில் கரை திரும்புகிறவனுக்கு வழியும் காட்டின.

ஆனால் இம்முறை கரை கண்ணுக்குத் தெரியும்வரைதான். அதற்கப்பால் நட்சத்திரம், காற்று, நீரோட்டம், பாகக் கணக்கில் அளந்த ஆழம், திசைகாட்டி ஆகியவையே துணை. மழை மூட்டத்தில் இவற்றுள் பலவும் கைவிடும்.

சென்னை எங்கே இருக்கிறது?

இடமறிவதில் தடுமாறியவர்கள் மீனவர்கள் மட்டுமல்லர். 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் தீர்க்கரேகையே இந்திய நில அளவைக்கு ஆதாரமாயிற்று. நெடுங்காலம் அளவைத்துறை கையாண்ட மதிப்பு 80 பாகை 17 நிமிடம் 21 நொடி. தந்தி வழியாக நேரத்தை ஒப்பிட்டுச் செய்த பிற்கால அளவீடுகளுக்குப் பின் அது 80 பாகை 14 நிமிடம் 54 நொடி எனத் திருத்தப்பட்டது. வித்தியாசம் ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். அந்தப் பழைய எண்ணை இன்றைய கைப்பேசி வரைபடத்தில் இட்டால், நுங்கம்பாக்கத்து வானாய்வகம் கூவம் கடலில் கலக்கும் இடத்தருகே போய் நிற்கும்!

செயற்கைக்கோள்கள்

அமெரிக்கக் கடற்படையின் டிரான்சிட் அமைப்பு 1964இல் பயன்பாட்டுக்கு வந்தது. 1967இல் வணிகக் கப்பல்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதில் ஒருமுறை இடமறிந்தபின் அடுத்த செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும்வரை காத்திருக்க வேண்டும். பெருங்கடலில் செல்லும் கப்பலுக்கு அது போதும், வலை இழுக்கும் படகுக்கு உதவாது.

ஜிபிஎஸ்ஸின் முதல் செயற்கைக்கோள் 1978 பிப்ரவரியில் ஏவப்பட்டது. 1983 செப்டம்பர் 1 அன்று வழிதவறிச் சோவியத் வான்வெளிக்குள் புகுந்த தென்கொரியப் பயணி விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தனர். அதன்பின் இவ்வசதி பொதுமக்களுக்கும் கிடைக்கும் என அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. 1989இல் மேகல்லன் நிறுவனத்தின் கையடக்கக் கருவி விற்பனைக்கு வந்தது. 24 செயற்கைக்கோள்களுடன் முழு அமைப்பு 1995இல் நிறைவுற்றது.

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் அணுக்கடிகாரத்தின் நேரத்தை ஒலிபரப்புகிறது. அது வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் இடம் உறுதியாகும். நேரத்தில் ஒரு மைக்ரோநொடி பிசகினால் இடத்தில் 300 மீட்டர் பிசகும்.

அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர்வரை தவறலாம். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டனின் ஆணையால் அப்பிழை நீக்கப்பட்டது. கடலடிப் பாரையோ மூழ்கிய கப்பலையோ தேடுகிறவனுக்கு 100 மீட்டர் என்பது வலை கிழிவதற்கும் நிறைவதற்கும் உள்ள தூரம். அந்த ஆணைக்குப் பிறகுதான் ஜிபிஎஸ் மீனவனுக்கு உண்மையிலேயே பயன்படும் பொருளாயிற்று என்று சொல்ல வேண்டும்.

படகில் ஏறிய எண்கள்

புதிய கருவியை நம்புவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. துறைமுக வாயிலை அதில் பதிந்துகொண்டு கடலுக்குள் போய், கரை மறைந்தபின் அது காட்டும் திசையிலேயே திரும்பிவந்து பார்ப்பது. கணக்கும் கடினமானதன்று. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். சென்னையருகே தீர்க்கரேகையின் ஒரு நிமிடமும் அதற்குச் சற்றே குறைவு. துறைமுகம் 80 பாகை 18 நிமிடத்தையொட்டி இருக்கிறது. படகு 80 பாகை 48 நிமிடத்தில் நின்றால் கரைக்கு ஏறத்தாழ 29 கடல்மைல். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஓட்டுநரும் இதை மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

காகித வரைபடத்தோடு ஒப்பிட்டால்தான் குழப்பம் வரும். பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ்ஸின் அடிப்படை வேறு. இரண்டுக்குமிடையே சில நூறு மீட்டர் விலகல் உண்டு. கருவியில் தவறில்லை, வரைபடத்திலும் தவறில்லை.

மீன் கிடைக்கும் இடம் இப்போது இரண்டு எண்களாகிவிட்டது. முன்பு அவ்விடத்தை அறிய ஒருவரோடு பல ஆண்டு கடலுக்குப் போக வேண்டும். இப்போது துண்டுச்சீட்டில் எழுதிக் கைமாற்றலாம், ஒளித்தும் வைக்கலாம். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளால் அறிந்து வெளியிடும் மீன்வள அறிவிப்புகளும் இந்த எண்களிலேயே வருகின்றன. இதில் ஒரு கெடுதியும் உண்டு. ஒருமுறை பதிந்த பாருக்குப் படகுகள் தப்பாமல் திரும்பத் திரும்ப வரமுடிகிறது. மீனுக்கு மறைய இடமில்லை. இழப்பில் பெரும்பங்கு, அடையாள அறிவையே முதலாகக் கொண்ட கட்டுமரக்காரர்களுடையது என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம்.

கருவி இருந்தும்

2017 ஜனவரி 28 அதிகாலை, காமராசர் துறைமுகத்துக்கு அருகே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதின. இவ்வகைக் கப்பல்களுக்குச் செயற்கைக்கோள் இடங்காட்டியும், தம் இடத்தைப் பிற கப்பல்களுக்கு அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியும் பன்னாட்டு விதிகளின்படி கட்டாயம். இரண்டும் ஒன்றின் இடத்தை மற்றொன்று அறியக்கூடிய நிலையில் மோதின. சிந்திய எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் தார்போலத் திரண்டது. மக்கள் அதை வாளிகளால் அள்ளினர். மீன் வாங்க ஆளில்லாமல் வடசென்னை மீனவர்கள் பல நாள் வருமானமிழந்தனர்.

அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல் வேறொரு குறையைக் காட்டியது. ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்களுக்குத் தாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்லக் கருவி இருந்தது. புயல் வருகிறது என்று சொல்ல ஏதுமில்லை. இதன் விளைவாக 2019 அக்டோபரில் ஜெமினி கருவி அறிமுகமானது. ககன் செயற்கைக்கோள்கள் வழியே எச்சரிக்கையைப் பெற்றுக் கைப்பேசிக்கு அனுப்பும் இதில், படகிலிருந்து கரைக்குப் பதில் சொல்ல முடியாது.

இந்தியாவின் சொந்த வழிகாட்டி அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 இரவு 11:41க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, அதாவது எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டை அடுத்த தீவிலிருந்து, ஏவப்பட்டது. 2016இல் அமைப்புக்கு நாவிக் எனப் பெயரிட்டனர். அந்த முதல் செயற்கைக்கோளின் அணுக்கடிகாரங்கள் பின்னர் பழுதாயின.

இப்போது விசைப்படகுகளில் இருவழித் தொடர்புள்ள டிரான்ஸ்பாண்டர்கள் பொருத்தப்படுகின்றன. ஒரு லட்சம் படகுகளுக்கான 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. ஆபத்தில் உதவி கேட்க இது பயன்படும். படகு எங்கே இருக்கிறது என்பது கரையிலிருக்கும் அதிகாரிக்கும் தெரியும். விசைப்படகுகள் கரையையொட்டி மீன்பிடிக்கலாகாது என்று 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வகுத்த எல்லையைக் கண்காணிக்கவும் இதே எண்கள் போதும். பழைய ஜிபிஎஸ் படகோட்டியிடம் மட்டும் பேசியது.