பாதாம்கொட்டையின் சரித்திரம்

ஹவானா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முதலில் சுருட்டு. அப்புறம் காஸ்ட்ரோவின் தாடி. மூன்றாவதாக, ரோஸ் கலரிலோ கிளிப்பச்சையிலோ, பின்பக்கம் மீன் துடுப்பு முளைத்த ஒரு படகு கார். காலண்டரிலாவது பார்த்திருப்பீர்கள். 'அடடா, இந்த கியூபாக்காரர்களுக்குப் பழைய கார்மீது எத்தனை காதல்!' என்று உருகியும் இருப்பீர்கள்.

காதலாவது, கத்திரிக்காயாவது! அந்தக் கார்களை ஓடவைத்தது சட்டம்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1950களில் கியூபா என்பது அமெரிக்காவின் கொல்லைப்புறம். ஃபுளோரிடாவின் முனையிலிருந்து 90 மைல்தான். செவர்லே, பியூக், காடிலாக் என்று டெட்ராய்ட்டில் எது புதிதாக வந்தாலும் கப்பலேறி ஹவானா ஷோரூமுக்கு வந்துவிடும். சர்க்கரை ஆலை முதலாளிகள், சூதாட்ட விடுதிக்காரர்கள், டாக்டர்கள், வக்கீல்கள் என்று வாங்குவதற்கும் ஆள் இருந்தது. அதே தீவில் கரும்பு வெட்டுகிறவன் வீட்டில் வருடத்தில் பாதி நாள் அடுப்பு எரியவில்லை என்பது வேறு விஷயம். வேறு என்ன வேறு, அதுதான் விஷயமே. 1959 ஜனவரி 1 அன்று சர்வாதிகாரி பாடிஸ்டா விமானமேறி ஓடிப்போனார். எட்டாம் தேதி காஸ்ட்ரோ ஹவானாவுக்குள் நுழைந்தார்.

வசதியானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மியாமிக்குப் போனார்கள். மூட்டையில் காரைக் கட்ட முடியுமா? விட்டுவிட்டுத்தான் போனார்கள். பாதியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மீதி அத்தை பிள்ளைக்கும் டிரைவருக்கும் தோட்டக்காரனுக்கும் போச்சு.

1960 அக்டோபரில் உணவு, மருந்து தவிர மற்ற ஏற்றுமதியை அமெரிக்கா நிறுத்தியது. 1962 பிப்ரவரியில் கென்னடி முழுத் தடை போட்டார். (கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தனக்காக 1,000 கியூபச் சுருட்டு வாங்கிவரச் சொன்னார் என்று அவருடைய பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சர் பிற்பாடு எழுதினார். பெரிய மனிதர்கள்!) அன்றோடு சரி. கார் கிடக்கட்டும், அந்தக் காருக்கு ஒரு ஸ்பார்க் பிளக்கூட நேர்வழியில் வராது.

இனிமேல்தான் சட்டம் வருகிறது. புரட்சிக்குப் பிறகு வந்த லாடா, மாஸ்க்விச் போன்ற சோவியத் கார்களை டாக்டருக்கு, இன்ஜினீயருக்கு, நல்ல தொழிலாளிக்கு என்று அரசாங்கமே பார்த்து ஒதுக்கியது. ஓட்டலாம். ஆனால், இஷ்டத்துக்கு விற்க முடியாது. 1959-க்கு முன்னால் தீவுக்கு வந்த கார் என்றால் மட்டும் யாரும் யாருக்கும் விற்கலாம், வாங்கலாம். 2011 வரைக்கும் இதுதான் நிலைமை.

யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஹவானாவில் ஒரு சராசரி ஆள். நிலம் வாங்க முடியாது, கடை வைக்க முடியாது. கையில் காசு இருந்தாலும் புதுக் கார் கிடைக்காது. உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய, பெண் கல்யாணத்துக்கு விற்கக்கூடிய ஒரே வண்டி, ஊரைவிட்டுப் போன எவனோ விட்டுச்சென்ற 1952 செவர்லேதான். அதை எடைக்குப் போடுவீர்களா? உயிரே போனாலும் மாட்டீர்கள்.

ஆகவே லேத் பட்டறைகள் விழித்துக்கொண்டன. கிடைக்காத உதிரிபாகத்தைக் கடைந்து எடுத்தார்கள். டிராக்டரிலிருந்து ஒன்று, லாரியிலிருந்து ஒன்று என்று கழற்றி மாட்டினார்கள். பிரேக் ஆயிலுக்குப் பதில் ஷாம்பு கலந்து ஊற்றிய கதைகள்கூட உண்டு. பெட்ரோலை மடமடவென்று குடிக்கிற அமெரிக்க வி-8 இன்ஜினை இறக்கிவிட்டு, ரஷ்ய வோல்காவின் நாலு சிலிண்டர் இன்ஜினை ஏற்றினார்கள். பின்னாளில் டீசல் இன்ஜின்கள். மேலே பார்த்தால் பியூக், மூடியைத் திறந்தால் ஐக்கிய நாடுகள் சபை!

அமெரிக்காவில் பழைய கார் சேர்க்கிறவர்கள் இதைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு ஜாதகம் சுத்தமாக இருக்கவேண்டும். 1957 செவர்லே பெல் ஏர் ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டிரைவர் பக்கத்துக் கதவு மாட்டியிருக்கும் தூணைத்தான் பார்க்கவேண்டும். அங்கே ஒரு சின்னத் தகடு. 'விசி57எஃப்' என்று ஆரம்பித்தால், 'வி' என்பது வி-8 இன்ஜின், 'சி' என்பது பெல் ஏர் வரிசை, 57 வருடம், 'எஃப்' என்பது ஃபிளின்ட் தொழிற்சாலை. அதன்பின் வரிசை எண். இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்பில் இன்னொரு தகடு. பிறந்தபோது என்ன பெயின்ட், என்ன சீட் துணி என்று சொல்லிவிடும். தகடும் வண்டியும் ஒத்துப்போனால் விலை ஏறும். போகாவிட்டால் முகம் சுளிப்பார்கள்.

ஹவானா வண்டியில் அந்தத் தகடு இருந்தாலும், அது சொல்லும் பாதி சமாசாரம் வண்டியில் இருக்காது. அங்கே காரின் சரித்திரம் என்பது, எந்த வருடம் யார் பேருக்கு மாறியது என்று சொல்கிற காகிதம்தான்.

ஹெமிங்வேயின் வண்டிக்கே இந்த கதி. 1955 மாடல் கிரைஸ்லர் நியூயார்க்கர், மேல்கூரை திறக்கிற வகை. 1960-ல் அவர் கியூபாவை விட்டுப் போனார், அடுத்த வருடம் இறந்தும் போனார். கார் கைமாறிக் கைமாறி எங்கேயோ மறைந்துவிட்டது. அரை நூற்றாண்டு கழித்துத் துருப்பிடித்த கூடாகக் கண்டுபிடித்தார்கள். அவருடைய வீட்டையே மியூசியமாக வைத்திருப்பவர்கள் அதைச் சீர்செய்ய நினைத்தார்கள். 'ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்' நடிகர் டேவிட் ஸோல் உதவிக்கு வந்தார். வேண்டிய பாகங்களெல்லாம் அமெரிக்காவில். நடுவே நின்றது யார்? கென்னடியின் கையெழுத்து!

இந்தக் கார்களுக்கு உள்ளூரில் 'அல்மென்ட்ரோன்' என்று பெயர். பெரிய பாதாம்கொட்டை என்று அர்த்தம். உருவத்தைப் பார்த்து வைத்தது. பெரும்பாலும் நம் ஊர் ஷேர் ஆட்டோ உத்தியோகம். குறிப்பிட்ட ரூட்டில் போகும். கையைக் காட்டி ஏறிக்கொள்ளலாம். பல வருடங்களுக்கு 10 பெசோதான் கட்டணம். பஸ் வராத ஊரில் ஆபீஸ் போகிறவர்களை அதுதான் கொண்டுபோய்ச் சேர்த்தது.

2011-ல் எல்லா வண்டியையும் விற்கலாம் வாங்கலாம் என்று சட்டம் மாறியது. 2014 ஜனவரியில் அரசாங்க ஷோரூமிலேயே புதுக் கார் கிடைக்கும் என்றார்கள். ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பியூஷோ 508-இன் விலை 2,62,000 டாலர்! அப்போது அரசாங்க உத்தியோகஸ்தரின் சராசரி மாதச் சம்பளம் 20 டாலர். சாப்பிடாமல் கொள்ளாமல் சேர்த்தால் ஆயிரத்துச் சொச்சம் வருடத்தில் வாங்கிவிடலாம். பாதாம்கொட்டையே தேவலை என்று திரும்பி வந்தார்கள்.

அந்த வருட டிசம்பரில் ஒபாமா உறவுக்குக் கை நீட்டினார். அமெரிக்கப் பயணிகள் வந்து குவிந்தார்கள். கூரையுள்ள கார்களின் கூரையை அறுத்து, ரோஸ் பெயின்ட் அடித்து, டூரிஸ்ட்டை ஏற்றினார்கள். நீங்கள் காலண்டரில் பார்த்தது பெரும்பாலும் இந்த அவதாரத்தைத்தான்.

அந்தச் சீர் நீடிக்கவில்லை. 2020-ல் கொரோனா வந்தது, டூரிஸ்ட் போனான். 2024 மார்ச் 1 முதல் பெட்ரோல் லிட்டர் 25 பெசோவிலிருந்து 132 பெசோவாக ஏறியது. பழைய வி-8 லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். அப்படியென்றால் 100 கிலோமீட்டர் ஓட, பெட்ரோலுக்கு மட்டும் 2,200 பெசோ. அந்த வருடம் கியூபாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2,100 பெசோ.