பேட்ஜ் உண்டு, உறுப்பினர் இல்லை!

அமெரிக்க என்ஜினியர்களோட ரெஸ்யூமேயைப் புரட்டினா, சிலதுல 'டவ் பீட்டா பை'ன்னு ஒரு வரி இருக்கும். ஏதோ ஃபார்முலான்னு நினைச்சுடாதீங்க :-) மூணும் கிரேக்க எழுத்துக்கள். நல்லாப் படிக்கிற என்ஜினியரிங் மாணவர்களுக்கான கௌரவச் சங்கம் அது.

இந்த வழக்கத்துக்கு முன்னோடி, 1776-ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஆரம்பிச்ச 'ஃபை பீட்டா கப்பா'. ஆனா அது கலை, அறிவியல் படிச்சவங்களோட சங்கமாகிடுச்சு. என்ஜினியரிங் மாணவன் எவ்வளவு மார்க் எடுத்தாலும் அங்கே சீட் கிடையாது.

பென்சில்வேனியாவில் இருக்கிற லீஹை பல்கலைக்கழகத்தில் சுரங்கத்துறைப் பேராசிரியரா இருந்த எட்வர்ட் வில்லியம்ஸ், 1885-ல் நமக்குன்னே ஒண்ணு இருக்கட்டும்னு டவ் பீட்டா பையைத் தொடங்கினார். முதல் மாணவ உறுப்பினர், அந்த வருஷம் வகுப்பில் முதலா வந்த இர்விங் ஹெய்க்ஸ். 1892-ல் மிச்சிகனில் இரண்டாவது கிளை வந்தது.

சங்கத்தோட சின்னம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பேரு 'பென்ட்'. அந்தக் கால ரயில் பாலங்களைத் தாங்கி நிக்கிற சட்டத்தோட வடிவம். பாரம் சுமக்கிறவன்தான் என்ஜினியர்ங்கிறதை இதைவிட அழகா எப்படிச் சொல்றது?

சேரணும்னா மூணாம் வருஷத்தில் வகுப்போட முதல் எட்டில் ஒரு பங்குக்குள்ள இருக்கணும், கடைசி வருஷம்னா முதல் ஐந்தில் ஒரு பங்கு. மார்க் மட்டும் போதாது, குணத்தையும் பார்ப்பாங்க.

இதெல்லாம் சரி, ஆனா பெண்கள்? அவங்களைச் சேர்க்கவே இல்லை! 1930-களில் ஒரு விநோதமான ஏற்பாடு வந்தது. தகுதியான மார்க் எடுத்த பெண்ணுக்குத் தனியா ஒரு பேட்ஜ் கொடுப்பாங்க. பேட்ஜைக் குத்திக்கலாம், ஆனா உறுப்பினர் ஆக முடியாது. அதே மார்க், அதே பரீட்சை! இந்தக் கூத்து 1969 வரைக்கும் நடந்தது. அந்த வருஷம்தான் பெண்களையும் உறுப்பினரா ஏத்துக்கிட்டாங்க.

இதில் உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. என்ஜினியர்களுக்குக் கதவைச் சாத்தின அந்த ஃபை பீட்டா கப்பா, 1875-லேயே வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்த்துக்கிச்சு. டவ் பீட்டா பை பிறக்கிறதுக்கே பத்து வருஷம் முன்னாடி!

ஒதுக்கப்பட்டவங்க கட்டின வீட்டுக்கும் ஒரு பூட்டு இருந்திருக்கு. அதைத் திறக்க 84 வருஷம் ஆச்சு. மெரிட், மெரிட்னு நாம பேசும்போது, முதல்ல பரீட்சை ஹாலுக்குள்ள யாரை விட்டோம்னும் கேட்டுக்கணும் போல. நீங்க என்ன சொல்றீங்க?