கிடாரியா, காளையா?

பசு கன்று ஈன்றது என்ற செய்தி வந்தவுடன், பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும், மூணாறு தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதற்கேள்வி, "கிடாரியா, காளையா?" என்பதே. கிடாரி என்றால் சில ஆண்டுகளில் இன்னொரு கறவை மாடு. காளை என்றால், ஏர் உழவு அருகிவிட்ட இந்நாளில், தீவனச் செலவு மட்டுமே. வெளி மாநிலங்களில் உறைப்பால் வாங்கி வாழும் நாம் இக்கேள்வியை மறந்திருக்கக்கூடும். ஆயினும் அதற்கு விடை தேடிய வரலாற்றில் ஒரு பகுதி நம் எல்லைப்புறத்து மலைகளிலேயே நிகழ்ந்தது.

1961இல் கேரள அரசு கால்நடை அபிவிருத்திச் சட்டம் ஒன்றை இயற்றியது. உரிமம் பெறாத நாட்டுக் காளைகளைக் காயடிக்க அது வழி செய்தது. 1963இல் ஸ்விட்சர்லாந்து அரசின் துணையுடன், மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டியில் இந்திய–ஸ்விஸ் திட்டம் தொடங்கிற்று. பெயரிலேயே மாட்டையும் பட்டியையும் தாங்கிய அவ்விடத்திற்குப் பழுப்பு ஸ்விஸ் பொலிகாளைகள் வந்து சேர்ந்தன. உள்ளூர்ப் பசுக்களோடு அவற்றைக் கலந்து, பின்னர் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் இனங்களையும் சேர்த்து உருவாக்கியதே 'சுனந்தினி' இனம். பூஜ்யத்திற்குக் கீழே 196 பாகைக் குளிரில் திரவ நைட்ரஜனில் காக்கப்படும் உறைவிந்து, மலைமேல் நிற்கும் காளையைச் சமவெளித் தொழுவங்கள்தோறும் கொண்டு சேர்த்தது. பாலக்காட்டை அடுத்த தோணியிலும் இத்தகைய பொலிகாளை நிலையம் அமைந்தது.

பால் பெருகியது, ஆனால் நாட்டு மாடு அருகியது. கோட்டயம் பகுதியின் சிறிய வெச்சூர்ப் பசு அழியும் நிலையை எய்தியது. 1989இல் மண்ணுத்தியில், கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியை சோசாம்மா ஐப்பும் அவர்தம் மாணவர்களும் எஞ்சிய மாடுகளைத் தேடித் திரட்டியிராவிடில், அவ்வினம் இன்று பெயரளவிலேயே இருந்திருக்கும்.

அதே 1989இல் அமெரிக்க வேளாண் துறையின் விஞ்ஞானி லாரன்ஸ் ஜான்சனும் அவர் குழுவினரும், பால் பிரித்த விந்தினால் முயற்குட்டிகள் பிறந்ததை அறிவித்தனர். முறை இதுவே: பெண் கன்றைத் தரும் எக்ஸ் விந்தணுவில், ஆண் கன்றைத் தரும் ஒய் விந்தணுவைவிட மரபுப்பொருள் சுமார் 4 விழுக்காடு மிகுதி. சாயமேற்றிய விந்தணு லேசர் ஒளியில் அதற்கேற்பக் கூடுதலாக மிளிரும். அம்மிளிர்வை அளந்து, துளிகளுக்கு மின்னேற்றம் அளித்து, இரு புறமும் பிரித்துவிடுகிறது இயந்திரம். பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது கன்றுகள் விரும்பிய பாலாகவே பிறக்கின்றன.

குறைகளும் உண்டு. சாதாரண உறைவிந்துக் குழலில் சுமார் 2 கோடி அணுக்கள் இருக்கப் பிரித்ததில் சுமார் 20 இலட்சமே; ஆதலின் சினை பிடிப்பது சற்றுக் குறைவு, விலையோ அதிகம். மேலைநாட்டு இயந்திரங்களை நம்பியிருந்த நிலையும் விலையை ஏற்றிற்று. 2014இல் தொடங்கிய இராஷ்ட்ரிய கோகுல் இயக்கத்தின்கீழ் உதகையிலும் பிரிப்பு நிலையம் அமைந்தது. 2024 அக்டோபர் 5ஆம் நாள் மகாராஷ்டிரத்து வாசிமில் உள்நாட்டுப் பிரிப்பு முறையைப் பிரதமர் தொடங்கி வைத்தார்.

ஒன்று கவனிக்கத்தக்கது. குடியானவன் வேண்டுவது கிடாரி. பொலிகாளை நிலையம் வேண்டுவதோ சிறந்த தாயின் காளைக்கன்று. ஒரே இயந்திரம் இரு தேவைகளையும் நிறைவேற்றும். ஆனால் தொழுவங்கள் எல்லாம் ஒரு சில காளைகளின் மகளிராலேயே நிறையுமாயின், இனத்தின் வேர் குறுகிவிடும். ஊரில் காளையே இல்லாத நிலையில், நைட்ரஜன் கலம் வராத நாளில் பசு காத்து நிற்கும். தேர்ந்தெடுக்கும் வல்லமை நமக்கு வாய்த்துவிட்டது. தேர்ந்தெடுக்காமல் விட்டவற்றையும் காத்து வைக்கும் கடமை அதனுடன் சேர்ந்தே வந்தது என்பதே, வெச்சூர்ப் பசு நமக்குப் புகட்டும் பாடம்.